ஏர் ஃப்ரையர்ல பன்னிக்கறி

முத்துப்பேட்டைக் கடைத்தெருவுல கொடுவா கிடைக்கும், நண்டு கிடைக்கும், இறால் கிடைக்கும், ஆடு கோழி எல்லாம் கிடைக்கும். பன்னிக்கறி மட்டும் கிடைக்காது. முஸ்லிம் மக்கள் நிறைய வாழுற ஊரு, அதனால அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஆனா சுத்தியிருக்கிற எங்க கிராமங்கள்லயும் அதைப் பத்தி யாரும் சத்தமாப் பேச மாட்டாங்க. தின்னுட்டு வந்தவங்ககூட "கறி சாப்பிட்டேன்"னு சொல்லி நிறுத்திக்குவாங்க. என்ன கறின்னு கேட்டா பேச்சு மழைக்கும் மேட்டூர் தண்ணிக்கும் போயிரும்.

எங்க பக்கத்துப் பையங்க நிறையப் பேரு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு வெளியில இருக்காங்க. என் மகன் சிங்கப்பூர்ல கட்டட வேலை. போன லீவுக்கு வந்தப்ப ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கிட்டு வந்தான். அவங்க அம்மா வடை போடலாமான்னு கேட்டுக்கிட்டு இருக்கும்போதே, என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு மெதுவாச் சொன்னான். "அப்பா, அங்க சீனர் கடையில மொறுமொறுன்னு ஒரு பன்னிக்கறி போடுவாங்க. அதை இதுல செஞ்சு பாக்கலாம்ப்பா."

அவன் சொன்னது ஸ்வீட் அண்ட் சவர் போர்க். சீனாவுல குவாங்டாங் பக்கத்துச் சமையல் அது. அந்தப் பக்கத்து மக்கள் பிழைக்கப் போன ஊருக்கெல்லாம் கூடவே போச்சு. சிங்கப்பூர்லயும் இருக்கு, லண்டன்லயும் இருக்கு, அமெரிக்காவுல பார்சல் கட்டித் தர்ற சீனக் கடையிலயும் இருக்கு. கறியைச் சின்னத் துண்டாப் போட்டு, மாவுல பொரட்டி, எண்ணெயில ரெண்டு தடவை பொரிச்சு எடுப்பாங்க. அப்புறம் வினிகர், சர்க்கரை, தக்காளி சாஸ் கலந்த பாகுல அன்னாசிப் பழம், குடமிளகாய் எல்லாம் சேத்து ஒரு பொரட்டு. இனிப்பும் புளிப்புமா இருக்கும். மேல மொறுமொறு, உள்ள மெத்து.

எங்க வீட்டம்மா விஷயம் தெரிஞ்சதும் ஒரே பேச்சுதான். "ஏங்க, நீங்களும் உங்க மகனும் என்ன வேணா தின்னுங்க. அந்தப் பொட்டி என் அடுப்படிக்குள்ள வரக் கூடாது." அதனால கொல்லையில மாட்டுக் கொட்டகைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தாவாரத்துல ஒரு பிளக் போட்டு, ஒரு மேசையை இழுத்துப் போட்டோம். ஒரு கத்தி, ஒரு பலகை, நாலு எவர்சில்வர் தட்டு, எல்லாம் அந்தக் கறிக்குன்னு தனியா வாங்கினோம். இந்தத் தட்டு விஷயம் பின்னாடி வருது, ஞாபகம் வச்சுக்கங்க.

முதல்ல மெஷின். இதுக்குப் பேருதான் ஃப்ரையர், இது பொரிக்கிறது இல்ல. மேல ஒரு சூடேறுற கம்பி, அதுக்கு மேல ஒரு காத்தாடி. சூடான காத்தை வேகமா சுத்த விடுது, அவ்வளவுதான். சொல்லப்போனா ஒரு குட்டி அவன். பிலிப்ஸ் கம்பெனி 2010-ல இதைச் சந்தைக்குக் கொண்டு வந்துச்சு. எங்ககிட்ட இருக்கிறது 1,500 வாட். இருபது நிமிஷம் ஓடினா அரை யூனிட் கரண்ட். கிராமத்துல இருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். வோல்டேஜ் 230-க்குப் பதிலா 180 வந்துச்சுன்னா இந்த 1,500 வாட் மெஷின் ஆயிரம் வாட்டுக்கும் கீழ போயிரும். புத்தகத்துல 15 நிமிஷம்னு போட்டிருந்தாலும் நமக்கு 20 ஆகும். நாங்க கடைமடைக்காரங்க. ஆத்துத் தண்ணியும் கடைசியாத்தான் வரும், கரண்டும் கடைசியாத்தான் வரும். கடிகாரத்தை நம்பாம கறியோட நிறத்தைப் பாத்துத்தான் எடுக்கணும்.

அடுத்து கறி. பட்டுக்கோட்டைப் பக்கம் கொட்டகை போட்டு வெண்பன்னி வளக்கிற ஒருத்தர் ஞாயித்துக்கிழமை அறுப்பாரு. வெண்பன்னின்னா லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர்னு சொல்ற சீமை ஜாதி. காட்டுப்பாக்கத்துல இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துல இந்த ஜாதியை ரொம்ப காலமா வளக்கிறாங்க. தெருவுல திரியுற பன்னி வேற, கொட்டகையில தீவனம் போட்டு வளக்கிறது வேற. இந்த வித்தியாசத்தை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நாடாப்புழு முட்டை கலந்த மனுஷக் கழிவைத் தின்ற பன்னியோட கறியில அந்தப் புழுவோட கூடு இருக்கும். கறி சரியா வேகலைன்னா நம்ம குடலுக்கு வந்து வளரும். அதோட முட்டை வாய்க்குள்ள போச்சுன்னா மூளை வரைக்கும் போயி வலிப்பு வரலாம். அதனால கறி எங்க வளந்ததுன்னு தெரிஞ்சு வாங்குங்க, முழுசா வேக வச்சுத் தின்னுங்க. துண்டோட நடுவுல 71 டிகிரி சூடு ஏறணும். தெர்மாமீட்டர் இல்லாதவங்க பெரிய துண்டு ஒண்ணை வெட்டிப் பாருங்க. உள்ள சிவப்போ ரத்தத் தண்ணியோ இருக்கக் கூடாது.

நெல் விளையுற ஊருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மூளைக்காய்ச்சல்னு சொல்ற ஜப்பானிஸ் என்செஃபலைட்டிஸ் நம்ம நாட்டுல முதல்ல கண்டுபிடிச்சது 1955-ல, வேலூர்ல. அந்தக் கிருமி பன்னி உடம்புல பெருகும். அதைக் கடிச்ச கொசு மனுஷனைக் கடிச்சா நமக்கு வரும். அந்தக் கொசு முட்டை போடுற இடம் தண்ணி நிக்கிற நெல்லு வயல். நம்ம வயல்தான். அதனால பன்னி வளக்கணும்னா வீடுகளை விட்டுத் தள்ளி, கொட்டகையில கொசு அண்டாம வளக்கணும். "பன்னி அசிங்கம்"னு பொத்தாம்பொதுவா சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. இது கணக்கு, அது ஏளனம்.

கறியில எந்த இடம்னா, முன்தொடை நல்லது. கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் சதை. வெறும் சதையா எடுத்தா காத்துல காஞ்சு கட்டையாயிரும். வயித்துப் பக்கம் எடுத்தா கொழுப்பு உருகி அடியில சொட்டிப் புகையும். அப்படி எடுத்தீங்கன்னா கூடைக்கு அடியில ரெண்டு கரண்டி தண்ணி ஊத்தி வைங்க, புகை வராது.

அரைக் கிலோ கறிக்கு அளவு சொல்றேன். ஒரு அங்குலத் துண்டு. கழுவினதும் துணியில ஒத்தி ஈரத்தை எடுங்க. ஒரு டேபிள் ஸ்பூன் சோயா சாஸ், அரை ஸ்பூன் மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சமா உப்பு. சோயா சாஸ்லயே உப்பு இருக்குங்கிறதை மறந்துராதீங்க. ஒரு முட்டையை அடிச்சு ஊத்திப் பிசைஞ்சு அரை மணி நேரம் வைங்க.

இப்ப மாவு. இந்த இடம்தான் முக்கியம், இந்த இடத்துலதான் எனக்கும் கொஞ்சம் பேச உரிமை இருக்கு. சீனாக்காரங்க மக்காச்சோள ஸ்டார்ச் போடுவாங்க. வடக்குச் சீனாவுல உருளைக்கிழங்கு ஸ்டார்ச். நம்ம கடையில கார்ன்ஃப்ளார்னு வெள்ளையா வர்றதுதான் அந்த மக்காச்சோள ஸ்டார்ச். மஞ்சளா இருக்கிற மக்காச்சோள மாவு இல்ல. கார்ன்ஃப்ளார் மட்டும் போட்டா மொறுமொறுப்பு வரும், ஆனா மேல ஓடு மெல்லிசா இருக்கும், பாகு பட்டதும் சீக்கிரம் நமுத்துரும். மூணு பங்கு கார்ன்ஃப்ளாருக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவு சேருங்க. அந்த நொறநொறப்பு நிக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்ல. பஜ்ஜி மாவுல ஒரு கை அரிசி மாவு போடுற எல்லாப் பொம்பளைங்களுக்கும் இது தெரியும். எங்க வீட்டம்மாவே அடுப்படி ஜன்னல்லேருந்து சத்தம் போட்டுச் சொன்னதுதான். "அரிசி மாவு போடாம எப்படிங்க மொறுமொறுன்னு வரும்?" கறியைத் தொட மாட்டாங்க, யோசனை மட்டும் வரும்.

காரணம் என்னன்னா, மாவு வேகுறதுக்கு ஈரம் வேணும். வெந்த பின்னாடி மொறுமொறுன்னு ஆகுறதுக்கு அந்த ஈரம் போகணும். மைதாவுல இருக்கிற பசை அரிசியில கிடையாது, அதனால ஈரம் சுலபமா வெளியேறிரும். நெல்லு விவசாயிக்கு இது புது விஷயம் இல்ல. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. களத்துல நெல்லைக் காலால கிளறிக் கிளறிக் காய வச்சு, ஒரு மணியை எடுத்துக் கடிச்சுப் பாத்து, "டக்"னு சத்தம் வந்தாத்தான் மூட்டை கட்டுவோம். இந்தக் கறியும் அப்படித்தான். சத்தத்துலதான் இருக்கு.

துண்டு ஒவ்வொண்ணையும் மாவுல நல்லா அமுக்கிப் பொரட்டுங்க. பொரட்டினதும் மெஷின்ல போடாதீங்க. பத்து நிமிஷம் தட்டுல வைங்க. மாவு ஈரத்தை இழுத்து, வெள்ளை வெளேர்னு இருந்தது கொஞ்சம் மங்கலாகும். காஞ்ச மாவாப் போட்டா காத்தாடி ஊதிவிட்டுரும். பஜ்ஜி மாவு மாதிரி தண்ணியாக் கரைச்சாலும் ஆகாது, கூடை ஓட்டை வழியா ஒழுகிரும். எண்ணெயில பொரிக்கிறப்ப எண்ணெய் சுத்தி நின்னு மாவைப் பிடிச்சுக்கும். காத்துக்கு அந்த வேலை தெரியாது.

அப்புறம் எண்ணெய். "எண்ணெயே இல்லாம"ன்னு விளம்பரத்துல சொல்றதை நம்பாதீங்க. எண்ணெய் படாத மாவு வெந்த பின்னாடியும் வெள்ளைப் பவுடராத்தான் நிக்கும். அரைக் கிலோவுக்கு ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய், பிரஷ்ஷால தடவுங்க, இல்லன்னா ஸ்பிரே பண்ணுங்க. மெஷினை அஞ்சு நிமிஷம் காலியா ஓடவிட்டுச் சூடு ஏத்துங்க. துண்டுகளை ஒரே அடுக்கா, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம அடுக்குங்க. நாத்து நெருக்கமா நட்டா என்ன ஆகும்? காத்து போகாம அழுகும். இதுவும் அதே. ரெண்டு நடையாச் செஞ்சாலும் பரவாயில்ல.

180 டிகிரியில 12 நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பிப் போடுங்க. அப்புறம் 200 டிகிரிக்கு ஏத்தி 4 நிமிஷம். சீனர் கடையில ரெண்டு தடவை பொரிக்கிறாங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு ஈடு இது. முதல் தடவை கறி வேகும், ரெண்டாம் தடவை ஓட்டுல மிச்சமிருக்கிற ஈரம் ஓடும்.

பாகுக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை, மூணு ஸ்பூன் வினிகர், மூணு ஸ்பூன் தக்காளி சாஸ், ஒரு ஸ்பூன் சோயா சாஸ். வெங்காயம், குடமிளகாய், அன்னாசி நாலு துண்டு நாலு துண்டா வதக்கி, இதை ஊத்திக் கொதிக்க விட்டு, கெட்டியானதும் இறக்குங்க. வினிகர் பிடிக்காதவங்க புளித்தண்ணியும் வெல்லமும் போடலாம். எங்களுக்கு அதுதான் பிடிச்சுது. கறியைப் பாகுல போட்டுப் பொரட்டி, உடனே தின்னுரணும். ஆள் வர லேட்டாகும்னா பாகு தனியா, கறி தனியா வச்சிருங்க.

சமையல் இவ்வளவுதான். இனிமே சாப்பிட்டவங்க கதை, சாப்பிடாதவங்க கதை.

பக்கத்துல ஒரு பாய் இருக்காரு. முப்பது வருஷப் பழக்கம். எங்க வீட்டு விசேஷத்துல முதல் பந்தியில அவரு இருப்பாரு, ஜாம்பவானோடை தர்கா கந்தூரிக்கு எங்க வீட்டுலேருந்து ஆள் போகாம இருக்காது. ஒரு நாள் சாயங்காலம் அலையாத்திப் பக்கம் பிடிச்ச கொடுவா ரெண்டு கொண்டாந்தாரு. மெஷினைப் பத்திக் கேள்விப்பட்டிருக்காரு. "இதை அந்த மெஷின்ல போட்டுப் பாப்போமே, டாக்டரு எனக்கு எண்ணெய் ஆகாதுன்னுட்டாரு"ன்னாரு. நான் நேராச் சொல்லிட்டேன். "அதுல பன்னி வெந்திருக்கு பாய். உங்களுக்கு ஆகாது." ஒரு நிமிஷம் பேசாம இருந்தாரு. அப்புறம், "நீங்க சொன்னதே போதும். தங்கச்சி சட்டியிலயே குழம்பு வைக்கட்டும், நான் உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போவேன்"னாரு. அடுப்படிக்குள்ள அந்தக் கறி வரக் கூடாதுன்னு எங்க வீட்டம்மா போட்ட கோடு அன்னைக்குத்தான் எவ்வளவு பிரயோஜனம்னு தெரிஞ்சுது. அவங்க சட்டியை பாய் நம்பலாம். சாப்பிட்டாரு.

ரெண்டாவது ஆளு எங்க சொந்தக்காரரு, எனக்கு மச்சான் முறை. வீட்டுக்கு வந்தவரு கொல்லைப் பக்கம் வாடை பிடிச்சுக் கேட்டாரு. சொன்னேன். "ஏன் மச்சான், கீழத்தெருக்காரன் திங்கிறதையா வீட்டுல வச்சுச் சமைக்கிற?" வச்ச டீ ஆறுச்சு, தொடலை. அடுப்படியில போட்ட டீ அது.

ரெண்டு பேரும் பன்னிக்கறி வேணாங்கிறாங்க. வெளியில பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும். பாய் வேணாங்கிறதுக்குக் காரணம் அவரோட மார்க்கம். அவருக்கு அந்தக் கறிதான் ஆகாது, நான் ஆகாதவன் இல்ல. மச்சானுக்குக் கறி ஒரு பிரச்சினையே இல்ல. அதை யாரு தின்னாங்கங்கிறதுதான் பிரச்சினை.

"நம்ம பழக்கம் இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க ஊருத் தமிழ் வாத்தியார் ஒருத்தர் சொன்னாரு. பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படைன்னு ஒண்ணு இருக்கு, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. அதுல தொண்டை நாட்டு வழியா போற பாணனுக்கு என்னென்ன சாப்பாடு கிடைக்கும்னு வரிசையா வருது. ஒரு இடத்துல, நெல்லு இடிச்ச மாவைத் தீனியாப் போட்டு, குழியில விட்டுப் பல நாள் வளத்த ஆண் பன்னியோட கொழுத்த கறி கள்ளோட கிடைக்கும்னு சொல்றாரு. நெல்லு மாவும் பன்னிக்கறியும் தமிழ்நாட்டுல சேந்தது நேத்து இல்ல. இடையில யாரோ இதை ஒரு தெருவுக்குத் தள்ளிவிட்டுட்டு, அதையே காரணம் காட்டி அந்தத் தெருவைத் தள்ளி வச்சாங்க.

மூணாவது ஆளு கீழத்தெருப் பெரியவர். நடவுக்கும் அறுப்புக்கும் என்கூட நாப்பது வருஷமா நிக்கிறவர். அவங்க அப்பா தலைமுறை எங்க ஆளுங்களை "ஆண்டே"ன்னு கூப்பிட்டது. பக்கத்துத் திருத்துறைப்பூண்டியிலதான் பி. சீனிவாசராவ் நினைவிடம் இருக்கு. சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியணும்னு இந்தக் கீழத் தஞ்சையில நின்ன மனுஷன். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வளந்த பெரியவர் என்னைத் "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாரு. கறி செஞ்ச அன்னைக்கு அவரையும் கூப்பிட்டேன். தாவாரத்துல மூணு நாற்காலி, மகன், நான், பெரியவர். அந்த நாலு தட்டுலேருந்து மூணு எடுத்தோம்.

மகன் அப்பத்தான் சிங்கப்பூர் கதை சொன்னான். அங்க ஹாக்கர் சென்டர்னு பெரிய சாப்பாட்டுக் கூடம். சீனர் கடை, மலாய்க்காரர் கடை, நம்ம ஆளுங்க கடை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. அந்தப் பழக்கத்தை 2020-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்துருக்கு. சாப்பிட்டு முடிச்சுத் தட்டை வைக்கிற இடத்துல ஹலால் தட்டுக்கு ஒரு அடுக்கு, மத்ததுக்கு வேற அடுக்கு. "தட்டுதாம்ப்பா தனி. உக்கார்ற மேசை ஒண்ணுதான். பன்னிக்கறி திங்கிறவனும் அது ஆகாதவனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து அவனவன் சாப்பாட்டைத் திம்பான்"னான்.

பெரியவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. "நம்ம ஊரு டீக்கடையிலயும் தனி கிளாஸ் வச்சிருந்தாங்களே தம்பி"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்கும் மகனுக்கும் சிரிப்பு வரலை. ரெட்டைக் குவளைங்கிறது நான் கண்ணால பாத்த விஷயம். கண்ணாடி கிளாஸ் ஒருத்தருக்கு, கொட்டாங்குச்சியோ அலுமினியக் குவளையோ இன்னொருத்தருக்கு. ஒரே டீதான் ரெண்டுலயும். சிங்கப்பூர்ல தட்டைத் தனியா வைக்கிறது, அது ஆகாதவன் நிம்மதியாச் சாப்பிடணும்னு. இங்க குவளையைத் தனியா வச்சது, ஒருத்தன் நிம்மதியாவே சாப்பிடக் கூடாதுன்னு.

எங்க கொல்லையில இருக்கிற நாலு தட்டும் தனித் தட்டுதான். பாய்க்கு அதுல போட மாட்டேன், எங்க வீட்டம்மா கழுவவும் மாட்டாங்க, நானே கழுவிக்கிறேன். ஆனா அது கறிக்குத் தனி, ஆளுக்குத் தனி இல்ல. இதுல மட்டும் தெளிவா இருந்துட்டா, யாரு எதைத் தின்னாலும், யாரு எதை வேணாம்னாலும், ஒரே தெருவுல இருந்துக்கலாம்னு எனக்குத் தோணுது.

கறி எப்படி இருந்துச்சுன்னு பெரியவரைக் கேட்டேன். மென்னு முடிச்சுட்டு, "மொறுமொறுன்னு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா தோலை எடுத்துட்டீங்களே. தோலை எடுத்துட்டா அது என்ன பன்னி?"ன்னாரு. மகன் உடனே, சீனர்கள் தோலோட செய்யிற சியூ யோக் பத்திச் சொன்னான். வயித்துக்கறித் தோலை ஊசியால குத்தி, வினிகரும் உப்பும் தடவி, ஒரு ராத்திரி முழுக்கக் காய வச்சுச் சுட்டா அப்பளம் மாதிரி பொரியுமாம். பெரியவர் கேட்டுட்டு, "குத்துறது எல்லாம் சரி, முதல்ல வைக்கோல் போட்டு வாட்டணும். அந்த வாசம் உங்க மெஷின்ல வராது"ன்னாரு.

வைக்கோல் களத்துல போரா கெடக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வாட்டுற வேலை அவரோடது, மெஷின் வேலை எங்களோடது.